கணினிக்குப் பொட்டு வைத்த வருஷம்

நம் தமிழ்ப்பள்ளிப் பழைய மாணவர்களின் வாட்சப் புலனக் குழுவில் நேற்றுக் காலை ஒரு கட்டுரை வந்து விழுந்தது. தோட்டத்து நினைவு மலருக்காக நம் குழுத் தலைவர் அனுப்பியிருந்தார். வாழ்நாளில் ஒரு லீவு கடிதம்கூட ஒழுங்காக எழுதாத மனிதர் இரண்டு பக்கம் பிழையில்லாமல் எழுதிவிட்டாரே என்று நானும் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தேன். பச்சைப் பசேலென்ற ரப்பர் மரங்களாம். பறவைகளின் கீதமாம். உழைப்பாளிகளின் முகத்தில் மாறாத புன்னகையாம். கடைசி வரி இது: தோட்டம் விற்கப்பட்டபோது அங்கே வாழ்ந்த குடும்பங்கள் அனைத்திற்கும் புதிய வீடுகள் வழங்கப்பட்டன.

யாரிடம் விசாரித்து எழுதினீர்கள் என்று கேட்டேன். கைப்பேசியிடம் விசாரித்தாராம். "கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லிடுது லா, நீயும் கேட்டுப் பாரு" என்று எனக்கு உபதேசம் வேறு. அதற்குக் கீழே நீங்கள் இருபது பேருக்கு மேல் கட்டைவிரலை உயர்த்தி வைத்திருந்தீர்கள். அந்த விரல்காரர்களில் ஒருவருக்காவது புதிய வீடு வழங்கப்பட்டிருந்தால் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு சட்டிபானை தூக்கியவர்கள்தானே நாம் எல்லாரும். உங்கள் சொந்தக் கதையைப் பற்றி ஒரு பெட்டி பொய் சொல்கிறது, நீங்கள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். பெற்ற தாய்க்கு ஒரு நாளாவது நன்றி சொன்னவர்கள் மாதிரிதான்.

மூட்டு வலிக்கு எந்தத் தைலம் என்று அதைக் கேட்கிறீர்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா என்று அதைக் கேட்கிறீர்கள். மகளுக்கு வந்த வரனின் படத்தைக் காட்டி, ஆள் எப்படி என்றுகூட ஒருத்தி கேட்டிருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன், அவளுக்கே தெரியும். ஐம்பதைத் தாண்டிய பிறகு புத்தி வரும் என்பார்கள். உங்களுக்குக் கைப்பேசி வந்திருக்கிறது.

இந்த வியாதி நமக்குப் புதிது என்று நினைக்காதீர்கள். நாம் ஐந்தாம் ஆண்டு படித்த வருஷம் ஒன்று உண்டு. நீங்கள் மறந்துவிட்டீர்கள். நான் மறக்கவில்லை.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட மண்டபம் இருந்ததே, அதில்தான் தோட்டத்தின் ஒரே தொலைக்காட்சி. மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும். சாவி, ஆபீஸ் கணக்கு எழுதும் பெரிய கிராணியின் இடுப்பில் தொங்கும். சனிக்கிழமை பிற்பகல் அவர் வந்து பெட்டியைத் திறந்தால்தான் நமக்குப் படம். அவருக்கு மட்டும் நாற்காலி. நமக்குச் சிமெண்டுத் தரை. வெயிலில் தகரம் காய்ந்து மேலே டக் டக்கென்று சத்தம் போடும். வேலை முடிந்து வந்தவர்களின் மேலிருந்து ரப்பர் பாலின் புளிச்ச வாடை மண்டபம் முழுக்க நிற்கும். அந்த வாடையில்தான் நாம் விண்வெளிக்குப் போனோம்.

அந்தத் தொடரை நினைவிருக்கிறதா? இறுக்கமான சட்டை போட்ட ஆட்கள் ஒரு கப்பலில் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுற்றுவார்கள். அவர்களோடு ஒரு கணினி இருந்தது. முகம் கிடையாது. சுவரில் விளக்குகள் ஓடும், ஒரு குரல் பேசும், அவ்வளவுதான். எதிரி எத்தனை பேர், எவ்வளவு தூரம், பிழைப்போமா மாட்டோமா என்று என்ன கேட்டாலும் அந்தக் குரல் யோசிக்காமல் பதில் சொல்லும். ஆங்கிலத்தில்தான் சொல்லும். கீழே ஓடும் மலாய் எழுத்தை நாம் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் கிராணிதான் மொழிபெயர்ப்பார். "கொம்பியூட்டர் சொல்லுது" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நம் ஆட்களுக்கு அந்தப் பேச்சே பாதி ஆங்கிலம் மாதிரி உயர்வாகப் பட்டது.

ஒரு தடவை, எதிரி தாக்க மாட்டான் என்று கொம்பியூட்டர் சொல்லுது என்றார். அவர் வாயை மூடுவதற்குள் கப்பல் வெடித்துச் சிதறியது. அது வேறு கப்பல் என்றார். மண்டபம் முழுக்க ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. முன்வரிசையில் அதிகமாகத் தலையாட்டியது நான்தான். எனக்கு அந்தக் குரல் மேல் அப்படி ஒரு காதல். வீட்டில் அரிசி டின்னின் முன்னால் உட்கார்ந்து நானே கேள்வி கேட்டு, மூக்கை அடைத்துக்கொண்டு நானே பதில் சொல்வேன்.

அந்த வருஷத்தில்தான் நிஜக் கணினி நம் தோட்டத்துக்கு வந்தது. பால் லாரியில் வைக்கோலும் சாக்குமாகச் சுற்றி, கல்யாணப் பெண்ணை இறக்குவதுபோல் நாலு பேர் இறக்கினார்கள். ஆபீசில் அதற்குத் தனி அறை, அந்த அறைக்குக் குளிர்சாதனம். நாம் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒரு காற்றாடிக்கு வழியில்லாத காலம் அது. கிராணி சிரம்பானுக்குப் போய் மூன்று நாள் பாடம் கற்று வந்திருந்தார். அவர் மனைவி அதற்கு லேஸ் வைத்து உறை தைத்துக் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நாம் எட்டிப் பார்ப்போம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான என் அப்பா ரோத்தான் பிரம்பை ஆட்டி விரட்டுவார். நாம் ஓடியதும் அவர் அதே ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். நான் மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

அது ரப்பர் பால் எடையைப் பதிய வந்த பெட்டி. ஆனால் சனிக்கிழமைப் படத்தில் பார்த்த கணினியும் இதுவும் ஒன்றே என்று தோட்டம் முடிவு செய்துவிட்டது. எல்லாம் தெரிந்தது வந்துவிட்டது என்று பேச்சு. கிராணி மறுக்கவில்லை. மறுப்பதற்கு அவருக்கென்ன, அந்தப் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தே போயிருந்தார்.

அதே சமயத்தில்தான் ரப்பர் காட்டுக்குள் நிலம் அளக்கும் அளவுக்காரர்கள் வந்தார்கள். பால் மரங்களுக்கு இடையில் தலையில் சிவப்புச் சாயம் பூசிய கட்டைகளை அடித்துவிட்டுப் போனார்கள். தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு, இல்லை, செம்பனை போடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. விற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். நம்மில் யாருக்கும் வேறு கூரை கிடையாது. ரந்தாவ் பக்கம் தாமான் என்று ஒரு புதுக் குடியிருப்பில் மலிவு வீடுகள் கட்டுகிறார்கள், மனுப் போட்டவர்களுக்குக் கிடைக்கும் என்று செய்தி வந்தது. அம்மா பசாருக்குப் போன இடத்தில் ஒரு மனுப் படிவம் வாங்கி வந்துவிட்டாள். தீபாவளிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா பால் வெட்டுபவள். விடிவதற்கு முன்னால் காட்டுக்குப் போய், திரும்பி வந்து, ஆறு வீட்டுக்குப் பொதுவான குழாயில் வரிசை பிடித்துத் தண்ணீர் எடுப்பவள். அவளுக்கு வேண்டியது வீட்டுக்குள்ளேயே ஒரு குழாய். வேறு ஆசை எதுவும் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. படிவத்தை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். தினமும் எடுத்து அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். அப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போய்விடுவார். அவள் திரும்ப எடுத்து வைப்பாள்.

"மண்டோரே மனுப் போட்டான்னு தொரைக்குத் தெரிஞ்சா என்னா நெனைப்பாரு?" என்பார் அப்பா. அவருடைய கவலை அதுதான். லயத்தில் நாற்பது பேர் அவரைக் கண்டால் பீடியை மறைப்பார்கள். தாமானில் யார் மறைப்பார்கள்? இது அன்று எனக்குப் புரியவில்லை. இன்று நன்றாகவே புரிகிறது. ரோத்தானைக் கீழே வைக்க மனமில்லாத ஒரு மனிதர், தன் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

பத்து நாள் சண்டைக்குப் பிறகு ஒரு சமாதானம் ஆயிற்று. ஆயுத பூசை அன்று கணினியைக் கேட்பது. விற்பார்கள் என்று அது சொன்னால் கையெழுத்து, இல்லையென்றால் படிவம் அடுப்புக்கு. உங்களுக்கு நினைவிருக்கும், மற்ற நாளெல்லாம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் நம் ஆட்கள் பேச முடியும். ஆயுத பூசை ஒரு நாள்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாம். வெட்டுக் கத்தி, தராசு, டிராக்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, கடைசியாக ஆபீஸ் சாமான்களுக்கு வைப்பார்கள். அந்த வருஷம் கணினிக்கும் வைக்கப் போகிறார்கள், வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்கலாம் என்று கிராணி சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் என்மேல் இருந்தது. நான் கேள்வியைக் கேட்பதாக இருந்தால்தான் ஒத்துக்கொள்வேன் என்றாள். பூசை அன்று காலை எனக்கு இரட்டை ஜடை போட்டுக்கொண்டே சொன்னாள்.

"கிராணி சொல்றத கேட்டுட்டு வராத. நீதான் இங்கிலீஸ் படிக்கிறல்ல. பொட்டியில என்னா எழுதி வருதுன்னு உன் கண்ணால பாத்து வந்து எங்கிட்ட சொல்லு."

பெண்கள் பொங்கல் வைக்க ஆபீசுக்குப் பின்னால் போய்விட்டார்கள். நாங்கள் உள்ளே போனோம். அந்தக் குளிர் என் காலில் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது. வெறுங்காலோடு வழவழப்பான தரையில் நின்ற ஆட்கள் எல்லாம் கோயிலில் நிற்பதுபோல் கைகூப்பி நின்றார்கள். பூசாரி பெட்டியின் உச்சியில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார். சூடத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள் என்று கிராணி கெஞ்சினார். அப்படியும் கொஞ்சம் திருநீறு பெட்டியின் இடுக்குக்குள் போய்விட்டது. ஊதுபத்திப் புகைக்கு நடுவில் கறுப்புத் திரையில் பச்சையாக ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

முதல் கேள்வி பூசாரியுடையது. தீபாவளிக்கு மழை வருமா? கிராணி ஒற்றை விரலால் தேடித் தேடி ஆங்கிலத்தில் அடித்தார். கீழே பளிச்சென்று ஒரு வரி வந்தது. கிராணியின் காது சிவந்தது. நான் மிக அருகில் நின்றேன், பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமினார். "கொம்பியூட்டர் சொல்லுது, மழை வரும்."

அடுத்தது டிராக்டர் டிரைவர். பிறக்கப் போவது ஆணா பெண்ணா? மறுபடி ஒரு வரி. ஆண் என்றது கணினி. எல்லாரும் கை தட்டினார்கள்.

அப்போதுதான் நான் கவனித்தேன். இரண்டு கேள்விக்கும் வந்தது ஒரே வரி. எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆங்கிலம் தெரியாத ஆடு மாடுகூட பார்த்துச் சொல்லிவிடலாம், மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்று என்று. அறையில் முப்பது பேர் இருந்தார்கள். முப்பது பேரும் குங்குமப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் முறை வந்தது. அப்பா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். தோட்டத்தை விற்பார்களா என்று கேட்டேன். கிராணி அடித்தார். மூன்றாவது தடவையாக அதே வரி. முதல் சொல் மூன்றே எழுத்து. பேட். நமக்கு வாத்தியார் குட் கேர்ள், பேட் கேர்ள் என்று கரும்பலகையில் எழுதிக் கற்றுக்கொடுத்த சொல். மற்றவை நீளமான சொற்கள், எனக்குத் தெரியவில்லை. ஆனால் கெட்டது என்று எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து நல்ல பதில் வராது என்பது பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

"கொம்பியூட்டர் சொல்லுது, தோட்டத்தை விக்கமாட்டினம். ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை" என்றார் கிராணி.

அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். அறை முழுக்க மூச்சு விட்டது. நான் திரையைப் பார்த்தேன், கிராணியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் படித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உடனே என் தலையைத் தடவி, கெட்டிக்காரப் பிள்ளை என்றார். என் பெயரை அடித்து ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட தாள். புள்ளி புள்ளியாக என் பெயர். தோட்டத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத தாள்.

பின்பக்கம் ஓடினேன். அம்மா பொங்கல் பானைக்கு முன்னால் முகமெல்லாம் புகையாக நின்றாள். "பாத்தியா?" என்றாள்.

"பாத்தேன். விக்க மாட்டாங்கன்னு எழுதி வந்துச்சு" என்றேன். தாளை எடுத்துக் காட்டினேன். அம்மா என் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அன்று சாயங்காலம் படிவத்தை அவளே அடுப்பில் போட்டாள்.

அதன்பிறகு தோட்டத்தில் யாரும் மனுப் போடவில்லை. மனுப் போட்ட ஒரே ஆள் பிள்ளைக் கொட்டகை ஆயா. அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், பூசைக்கு வரவில்லை. கணினி சொன்னது அவர் காதுக்குப் போவதற்குள் மனு போய்விட்டது. அவருக்கு வீடு கிடைத்தது. தீபாவளிக்கு மழை வரவில்லை. டிரைவருக்குப் பெண் பிறந்தது. நம் அறிவாளிப் பெற்றோர்கள் அதற்கும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்குள் தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸ் ஜன்னலில் தாள் ஒட்டினார்கள். கிராணிக்கும் அதே தாள்தான். அவர் தன் கட்டிலையும் நாற்காலியையும் வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு ரஹாங்கில் இருந்த மகன் வீட்டுக்குப் போனார். விற்பனை பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பது அன்றுதான் எல்லாருக்கும் விளங்கியது. ஊரார் முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட ஆள், அவ்வளவுதான். அந்த வெட்கத்துக்கு நாற்பது குடும்பம் பலி.

நாங்கள் ரயில் பாதை ஓரத்தில் ஒரு பலகை வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். குழாய் வெளியில். அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் வேலைக்குப் போனார். அவரைக் கண்டு யாரும் எதையும் மறைக்கவில்லை. அம்மா சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி, கை விரல் இடுக்கெல்லாம் வெந்து போய் வருவாள். அந்த ஓட்டைத் தாளை வீடு மாறும்போது எங்கேயோ தொலைத்துவிட்டேன். அதைத் தேடி அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி முடித்து ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அதே மாதிரிப் பெட்டி என் மேசையில் இருந்தது. முதல் வாரம் எதையோ தப்பாக அடித்தேன். அந்த வரி வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே வரி. பக்கத்து மேசைச் சீனப் பெண், பயப்படாதே, நீ சொன்னது அதற்குப் புரியவில்லை, அவ்வளவுதான் அர்த்தம் என்றாள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் உண்மை பேசியது அந்தப் பெட்டி ஒன்றுதான். தனக்குத் தெரியாது என்று மூன்று தடவை எழுதிக் காட்டியது. உங்கள் கைப்பேசிக்கு அந்த வெட்கம்கூட இல்லை. அது கிராணியிடம் பாடம் படித்துவிட்டு வந்திருக்கிறது.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே காதில் வாங்கினார். கிராணி தப்பாகப் படித்திருப்பார், கணினி பொய் சொல்லாது என்றார். அதைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். சாகும்வரை அதே பேச்சுதான். அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

நேற்று உங்கள் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எண்பது நெருங்குகிறது, என்னோடுதான் இருக்கிறாள். கிழமை எழுதிய டப்பாவில் அந்த வாரத்து மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாக் குடும்பங்களுக்கும் புதிய வீடு என்ற வரி வந்ததும் கை நின்றது. எந்தத் தோட்டத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். நம் தோட்டம்தான் என்றேன். மறுபடி மாத்திரையைப் பிரித்தாள்.

எரிச்சலில் வாய் திறந்துவிட்டேன். அன்று கணினி எதையும் சொல்லவில்லை, தனக்குப் புரியவில்லை என்றுதான் எழுதியது, கிராணி மானத்துக்குப் பயந்து இட்டுக்கட்டினார் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா டப்பாவை ஒவ்வொரு கிழமையாக மூடினாள். கிராணிக்கும்தான் வீடு போனது, பாவம் என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ பாத்தேன்னு சொன்னியே. அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"இல்லம்மா" என்றேன். "எனக்கு அப்ப என்னா இங்கிலீஸ் தெரியும்? கிராணி சொன்னதத்தான் வந்து சொன்னேன்." அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. குரல்கூடத் தடுமாறவில்லை.

அம்மா தலையாட்டினாள்.

"அதானே. தெரிஞ்சிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்ப" என்றாள்.